மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். டிஜிட்டல் வசதியால் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்ற தலைப்பில், இழந்ததே அதிகம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, பூக்கார அம்மாவின் கூடையில் தொங்கும் கியூஆர் அட்டையைப் பற்றிச் சொன்னார். 2016-இல் வந்த யுபிஐ சில்லறைத் தகராறை ஒழித்துவிட்டது என்றார். உண்மைதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் முடிக்கும்போது, "மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார் பாருங்கள், அதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடம் கைப்பேசிக்கு வந்தது. எங்கள் பகுதியில் வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்கா. வீட்டில் இருந்தது ஒரே போன், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ஊரடங்கில் வேலையும் இல்லை. மகளுக்குப் பழைய போன் ஒன்று வாங்க, விளம்பரத்தில் பார்த்த கடன் செயலியில் 5,000 ரூபாய் கேட்டார். தொடர்பு எண்கள், புகைப்படங்கள், இருப்பிடம் என்று அது கேட்டதற்கெல்லாம் "அனுமதி"யை அழுத்தினார். கட்டணம் போகக் கைக்கு வந்தது 3,500. ஏழே நாளில் முழுதாக 5,000 கட்ட வேண்டும்.

எட்டாம் நாள் செயலிக்காரர்களிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு மட்டுமா? அவர் வேலை பார்த்த வீடுகளுக்கு, மகளின் வகுப்பாசிரியருக்கு, நாத்தனாருக்கு. அவர் படத்தின் மேல் "திருடி" என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நடுவர் அவர்களே, அந்த அக்கா எதை மறைத்தார்? அவரிடம் இருந்தது கொஞ்சம் கடனும் நிறைய மானமும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஒருமுறை விரலை வைத்ததில், அவர் போனில் இருந்த அத்தனை பேருடைய எண்ணும் போய்விட்டது. அந்த ஆசிரியரிடம் யாராவது கேட்டார்களா? "என் தகவல், என் இஷ்டம்" என்று எதிரணி சொல்கிறதே, அந்த வாதம் இங்கேதான் நொறுங்குகிறது. என் சம்மதத்தில் உங்கள் எண்ணும் போகிறது.

இது எங்கோ ஒரு மூலையில் நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021-இன் தொடக்க மாதங்களை ஆராய்ந்தபோது, நாட்டில் சுமார் 1,100 கடன் செயலிகள் புழங்கின. அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை.

"அதான் சட்டம் வந்துவிட்டதே" என்பார்கள். சரி, எப்போது வந்தது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டில். தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்டில். கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி நெறிமுறை தந்ததும் 2022-இல்தான். அந்த அக்கா சிக்கியது இந்த இடைவெளியில்.

விதி வந்த பிறகாவது மாறியதா? பில் போடக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் சொன்னது. இன்றைக்கும் ஜவுளிக்கடை கவுண்டரில், "நம்பர் சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். பின்னால் நாலு பேர் நிற்க, ஒரு கல்லூரிப் பெண் தன் பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்கிறாள். மறுத்தால், "நம்பர் போடாம பில் வராதுங்க" என்கிறார் கவுண்டரில் இருப்பவர். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் முன்னால் இருக்கும் கணினியை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இலவச ஆன்லைன் வகுப்பு என்று பிள்ளைக்காக எண்ணைக் கொடுத்த பெற்றோரைக் கேளுங்கள். அப்புறம் வரும் அழைப்புகளில், "பையனோட எதிர்காலத்துக்குச் செலவு பண்ண மாட்டீங்களா?" என்று மனசாட்சியையே பிடித்து உலுக்குகிறார்கள்.

வசதிக்கு விலை உண்டு என்றால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், வசதியை அனுபவித்தவரிடம்தான் வாங்கவும் வேண்டும். அந்த ஆசிரியர் கடன் வாங்கவில்லை, செயலியைப் பார்த்தது கூட இல்லை. அவர் எதற்காக விலை கொடுத்தார்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே, அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புக்கு வாருங்கள். நன்றி, வணக்கம்.