மைதானத்துக்கு வராதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால் கீழ்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலும் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இப்படிப்பட்ட முகாம்களில் வளர்கிறார்கள். இவர்களுடைய விளையாட்டை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். "வாலிபால் ஆடுற பசங்கதானே சார், ஒரு மாசத்துல முடிச்சிடலாம்" என்பார்கள். முடியாது.

உள்ளே போக அரசு அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தோடு வருபவரை அங்குள்ளவர்கள் அதிகாரி என்றுதான் நினைப்பார்கள். பெயர் என்ன, சொந்த ஊர் எது, எப்போது வந்தீர்கள்? வருவாய்த்துறையும், முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீசும் காலங்காலமாகக் கேட்ட கேள்விகள் இவை. நம் ஆய்வுப் படிவமும் அவற்றில்தான் தொடங்குகிறது. அதன்பின் பிடித்த விளையாட்டைக் கேட்டால், நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

'வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு?' என்றொரு கேள்வி வரும். முகாம் இளைஞர்களில் நிறையப் பேர் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள். ஞாயிறு மாலை சவுக்குக் கம்பில் வலை கட்டி ஆடும்போதும் நகக்கண்ணில் எமல்ஷன் காய்ந்திருக்கும். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்த நாளைப் படிவம் ஓய்வு என்று கணக்கெழுதும். கவலையோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதை ஓய்வு என்று எழுத எனக்கு மனம் வராது.

மைதானத்தில் மட்டும் நின்று எண்ணினால் பெண்பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அந்நேரம் அவர்கள் குழாயடியில் நிற்பார்கள். அம்மா இலங்கையில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து, அதாவது நெட்பால், ஆடியிருப்பார். மகள் அந்தப் பந்தைத் தொட்டிருக்க மாட்டாள். ஆய்வு அங்கே தொடங்கவேண்டும் என்பேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சிண்டி எங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். அந்த அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஆய்வு மாணவர்கள் அதைச் சொல்லிவிட்டு, "உன் லட்சியம் என்னம்மா?" என்று முகாம் பிள்ளையிடம் கேட்கிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி செய்யும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

ஆளை அடையாளம் தெரியாமல் எழுதச் சொன்னால், "பெயரை மாத்திட்டேன் சார்" என்கிறார்கள் மாணவர்கள். சின்ன முகாமில் 'பத்தாம் வகுப்பு கபடி வீராங்கனை' என்றாலே யாரென்று தெரிந்துவிடும். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கங்களை அந்தப் பெண்ணிடமே படித்துக் காட்டுங்கள். எதை நீக்கச் சொன்னாலும் நீக்கிவிடுங்கள்.