சினை ஊசி ஏன் நிக்கல? மணிக்கணக்கும் அரை நிமிஷமும்

[காட்சி: உசிலம்பட்டி பக்கம் ஒரு மாட்டுக் கொட்டம், விடியற்காலை]

"மூணு தடவை ஊசி போட்டாச்சு, சினை நிக்கல." செல்லம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர்னு எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதுல விழும். சினை ஊசின்னா, காளையோட விந்தைக் குழல் வழியாப் பசுவோட கருப்பைக்குள்ள விடுறது. ஒரு தடவை தவறினா அடுத்த பருவத்துக்கு, அதாவது மாடு காளையைத் தேடுற நேரத்துக்கு, 21 நாள் காத்திருக்கணும். அத்தனை நாளும் தீவனச் செலவு நம்ம தலையில. பழியை ஊசி மேல போடுறதுக்கு முன்னாடி, எந்த மணிக்குப் போட்டோம்னு பார்ப்போம்.

[காட்சி: வாலில் ஒட்டின சளி, கிட்டத்தில்]

பருவத்துக்கு வந்த மாடு கத்தும், அடிக்கடி சொட்டுச் சொட்டா மூத்திரம் விடும், பால் குறையும். இதையெல்லாம் விட உறுதியான அடையாளம் ஒண்ணு இருக்கு: இன்னொரு மாடு மேல ஏறும்போது நகராம நிக்கும். ஒத்த மாடு வச்சிருக்கவங்க சளியைப் பாருங்க. முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவா, அறுந்து விழாம கயிறு போலத் தொங்கணும். மஞ்சளாவோ சீழ் கலந்தோ வந்தா அன்னைக்கு ஊசி வேண்டாம், கருப்பைக்கு வைத்தியம்தான் முதல்ல. சித்திரை வெயில்ல பகல்ல அறிகுறியே காட்டாத மாடு நிறைய. அதனால விடியற்காலையும் ராத்திரி படுக்கப் போகும் முன்னாடியும் இருபது நிமிஷம் கொட்டத்துல நில்லுங்க.

பருவம் சுமார் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழிச்சுத்தான் முட்டை வெளிய வரும். உறைவிந்துல, அதாவது உறைய வச்ச காளை விந்துல, இருக்கிற உயிரணு ரொம்ப நேரம் தாங்காது. அதான் காலையில பருவம் கண்டா சாயங்காலம், சாயங்காலம் கண்டா மறுநாள் காலை. கத்தின உடனே ஓடிப்போய்ப் போட்டா, முட்டை வரதுக்குள்ள உயிரணு செத்துடும். வால்ல ரத்தக்கறை தெரிஞ்சா பருவம் முடிஞ்சு போச்சு. அப்ப ஊசி வீண். தேதியைச் சுவத்துல எழுதி வச்சு, அடுத்த 17ஆம் நாள்ல இருந்து கவனிங்க.

[காட்சி: நைட்ரஜன் கேன், இடுக்கி, தெர்மாஸ், வெப்பமானி]

உறைவிந்துக் குச்சி 0.25 மில்லி. திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரியில கிடக்கும். எடுத்த உடனே 37 டிகிரி தண்ணியில 30 விநாடி. சட்டைப் பையில வச்சோ கையில தேய்ச்சோ உருக்கினா உயிரணு பாதிக்கும். வெளிய எடுத்ததும் துணியால ஈரம் போகத் துடைக்கணும், ஏன்னா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் உயிரணுவுக்குக் கேடு. வெயில் படாம, பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துக்குள்ள போட்டு முடிக்கணும். ஊசி போட வர்றவர்கிட்ட அந்தத் தண்ணிக்குத் தெர்மாஸ் இருக்கான்னு கேளுங்க, குச்சியில அச்சடிச்ச காளை எண்ணையும் இனத்தையும் காட்டச் சொல்லுங்க. அது உங்க உரிமை.

ஊசிக்கு முன்னாடி கையை விட்டுச் சினை இருக்கான்னு பார்க்கச் சொல்றதும் முக்கியம். சினை மாடும் சில சமயம் பருவம் காட்டும். அப்ப கருப்பை வாயைத் தாண்டிக் குழல் போனா கன்று கலைஞ்சிடலாம். சினை இல்லாத மாட்டுக்கு, கருப்பை வாயைத் தாண்டின உடனே விந்தை மெதுவா விடணும். அவசரமா அமுக்குறதும் ரொம்ப உள்ள தள்ளுறதும் தப்பு.

[காட்சி: புலிக்குளம் கிடை, ஆட்கள் மாடுகளைத் திருப்புகிறார்கள்]

மந்தையா மேய்ச்சல்ல இருக்கிற கிடை மாட்டுக்கு யார் பருவம் பார்ப்பாங்க? கூட ஓடுற பொலிகாளையே போதும். நம்ம நாட்டு இனமான புலிக்குளத்துல குறிப்பிட்ட காளையோட வித்து வேணும்னா, டாக்டர் மூலமா நாள் குறிச்சு ஊசி போடலாம். முதல் நாள் ஒரு ஹார்மோன், 7 நாள் கழிச்சுப் புரோஸ்டாகிளாண்டின்ங்கிற இன்னொரு ஹார்மோன் மருந்து, அதுக்கு 2 நாள் கழிச்சுத் திரும்ப முதல் ஹார்மோன், அதுல இருந்து 16 மணி நேரத்துல சினை ஊசி. சினை மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் விழுந்தா கன்று போயிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவங்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது. விலா எலும்பு தெரியுற மாட்டுக்கு இதெல்லாம் பலிக்காது. முதல்ல தீவனமும், தினம் 50 கிராம் தாது உப்பும். புலிக்குளம் கிடேரிக்கு ஜெர்சி வித்து மட்டும் போட்டுடாதீங்க. நம்ம மண்ணோட இனம் ஒரே தலைமுறையில கலந்து போயிடும்.

ஊசி போட்ட 21ஆம் நாள் மாட்டைக் கவனிங்க. கத்தலைன்னு சும்மா விடாம, 60 நாள் தாண்டினதும் சினை பார்க்க டாக்டரைக் கூப்பிடுங்க. அவசரம்னா கால்நடை உதவி எண் 1962.