யோஷிவாராவின் சிவப்புக்கு யார் கடன் கட்டினார்கள்?

நண்பர்களே, வணக்கம்.

இப்போது பார்த்து முடித்த 'சகுரான்' என்ற ஜப்பானியப் படத்தின் மேல் வழக்கமாக ஒரு குற்றச்சாட்டு வைக்கிறார்கள். கண்ணுக்கு விருந்து, உள்ளே சரக்கு இல்லை, நீளமான விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது என்று. இயக்குநர் மிகா நினகவா அடிப்படையில் புகைப்படக் கலைஞர். பூக்களையும் தங்கமீன்களையும் அடர்ந்த நிறங்களில் எடுத்துப் பெயர் வாங்கியவர். 2007இல் வெளிவந்த இதுதான் அவருடைய முதல் முழுநீளப் படம் என்பதால் குற்றச்சாட்டு சுலபமாக ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் படத்தின் நிறங்கள்தான் அதன் உள்ளடக்கம் என்று நினைக்கிறேன்.

படத்தின் கதை நடக்கும் யோஷிவாரா நிஜமாக இருந்த இடம். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில், எல்லாக் கணிகையர் விடுதிகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள, நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு 1617இல் அனுமதி கொடுத்தது. 1657இல் நகரத்தையே விழுங்கிய பெருந்தீக்குப் பிறகு அதை அசகுசா என்ற பகுதிக்கு வடக்கே வயல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் அகழி, போக வர ஒரே பெரிய வாசல். கோட்டைக்கு அகழி வெட்டுவது எதிரி உள்ளே வராமல் இருக்க. இங்கே வெட்டியது உள்ளே இருக்கும் பெண்கள் வெளியே ஓடிவிடாமல் இருக்க.

படத்தின் நாயகி கியோஹா எட்டு வயதில் அந்த வாசலுக்குள் வருகிறாள். உண்மையிலும் அப்படித்தான் வந்தார்கள். வறுமையில் இருக்கும் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொள்ளும், மகள் உழைத்து அடைப்பாள். காகிதத்தில் அது வேலை ஒப்பந்தம், பெரும்பாலும் பத்து வருடம். சின்ன வயதில் வந்தவர்கள் முதலில் கமுரோ, அதாவது பெரிய கணிகைக்கு எடுபிடி. உச்சத்தில் இருப்பவள் ஒய்ரான். கறுப்பு அரக்குப் பூசிய உயரமான மரச்செருப்பில் அரைவட்டம் அரைவட்டமாகக் கால் வீசி அவள் தெருவில் நடந்து வந்தால் ஊரே நின்று பார்க்கும். உத்தமாரோ போன்ற ஓவியர்கள் அவளை மரச்செதுக்கு அச்சில் வரைந்தார்கள். எடோவின் பெண்கள் அவளுடைய கொண்டையையும் உடையையும் பார்த்து நாகரிகம் பழகினார்கள்.

சரி, அந்தப் பட்டுக்கு யார் பணம் கொடுத்தது? அவள்தான். உடை, படுக்கை, சீப்பு, கொண்டை ஊசி எல்லாம் அவள் கணக்கில் எழுதப்படும். கூட நடக்கும் சிறுமிகளின் உடையும் சாப்பாடும் அவள் பொறுப்பு. திருவிழா நாட்களில் அவளைக் கேட்டு வாடிக்கையாளர் யாரும் வராவிட்டால், அன்றைய கட்டணத்தையே அவள் விடுதிக்குக் கட்டவேண்டும். மேலே ஏற ஏறச் செலவும் ஏறியது. எவ்வளவு அழகாக இருந்தாளோ அவ்வளவு ஆழமாகக் கடனில் இருந்தாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நினகவாவின் சட்டகங்களை யோசித்துப் பாருங்கள். சுவர் சிவப்பு, திரைச்சீலை சிவப்பு, ஒரு கிமோனோவில் பத்து நிறம், மூலையில் பூக்கள், கண்ணாடிக்குள் தங்கமீன்கள். கண் ஓய்வெடுக்க ஓர் இடம் கிடைப்பதில்லை. பாதிப் படத்தில் நமக்கு மூச்சு முட்டுகிறது. முட்டவேண்டும். நாயகி வாழும் நெருக்கடியை வசனம் இல்லாமல் நம் மேல் ஏற்றி வைக்கிறார் இயக்குநர். ஒவ்வொரு பொருளும் கடன் கணக்கில் ஒரு பதிவு என்று தெரிந்த பிறகு இந்த ஆடம்பரத்தை வெறும் ஒப்பனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செர்ரி மரத்தையும் கவனியுங்கள். யோஷிவாராவின் நடுத்தெருவில் வசந்தத்தில் செர்ரி மரங்கள் பூத்து நிற்கும். ஆனால் அவை அங்கே வளர்ந்தவை அல்ல. வருடாவருடம் பூக்கும் பருவத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டு, பூ உதிர்ந்ததும் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். பூக்கும்வரைதான் மரியாதை. அங்கிருந்த பெண்களுக்கும் அதே கணக்குதான், இருபத்தேழு வயதோடு சந்தை முடிந்துவிடும். படத்தில் நினகவா வைத்திருக்கும் மரம் இதற்கு நேர் எதிரானது. நெடுநாள் பூக்காத மரம், ஆனாலும் வேரோடு அங்கேயே நிற்கிறது. கியோஹாவும் விடுதியில் வேலை செய்யும் செய்ஜியும் தங்கள் நம்பிக்கையை அந்த மரத்தில் கட்டிவைக்கிறார்கள்.

கியோஹாவாக வரும் அன்னா சுச்சியாவின் குரலைப் பலர் குறை சொன்னார்கள். கரகரப்பு, முரட்டுத்தனம், எடோ காலத்துக்குப் பொருந்தாத பேச்சு என்று. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பெண்களின் ஊர்ப்பேச்சை மறைக்க யோஷிவாராவில் தனியாக ஒரு நளினப் பேச்சைப் பழக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி தொண்டையைத் திறந்து கத்துகிறாள் என்றால் அதுவே கலகம். ஷீனா ரிங்கோவின் இசையும் அதே துணிச்சலோடு ஜாஸையும் ராக்கையும் உள்ளே கொண்டுவருகிறது. மூலக் கதையான மோயோகோ அன்னோவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை), யூகி தனதாவின் திரைக்கதை, இசை, இயக்கம், நாயகி எல்லாமே பெண்கள். தான் காதலித்த வாடிக்கையாளன் சோஜிரோவைத் தேடிக் கியோஹா வெளியே ஓடும் இடத்தில் இதன் பலன் தெரிகிறது. அவளைப் பார்த்ததும் அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் அவள் அவனை முழுதாகப் புரிந்துகொள்கிறாள். அழுது விளக்கும் காட்சி கிடையாது.

படத்தில் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. ஒய்ரான்கள் மிகச் சிலர். அகழியோரத்துச் சின்ன வீடுகளில் மலிவாக விற்கப்பட்டவர்கள்தான் ஏராளம். நோயில் செத்தவர்களைப் பாயில் சுற்றி மினோவாவில் உள்ள ஜோகான்ஜி கோயிலில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே சுமார் 25,000 பேர் புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் இந்தப் படத்தில் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க 1952இல் ஜப்பானிய இயக்குநர் மிசோகுச்சி எடுத்த 'ஓஹருவின் வாழ்க்கை'க்குப் போகவேண்டும். தன் அக்காவே கெய்ஷாவாக, அதாவது ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் பெண்ணாக, விற்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஓஹரு படிப்படியாகக் கீழே இறங்குகிறாள், கேமரா தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்க்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் சித்திரம் முழுமையாகும்.

அப்புறம் முடிவு. பிரபு ஒருவர் கடனை அடைத்துக் கியோஹாவை மனைவியாக்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், நல்லவரும்கூட. அவள் செய்ஜியோடு ஓடிப்போகிறாள். நடக்காத காரியம் என்று சிலர் சொல்கிறீர்கள். ஓடியவர்கள் பெரும்பாலும் பிடிபட்டார்கள், அடிபட்டார்கள், தேடிய செலவும் கடனில் ஏறியது, உண்மைதான். ஆனால் வேறு எந்தக் கதவு திறந்தது? 1872இல் அரசு இந்தப் பெண்களை விடுவித்து ஆணை போட்டது. கொஞ்ச நாளில் சொந்த விருப்பத்தில் செய்யும் தொழில் என்று உரிமம் கொடுத்து விடுதிகளை நடக்கவிட்டது. விடுதிகள் சட்டப்படி மூடப்பட்டபோது 1958 ஆகிவிட்டது. பிரபுவின் பணத்தில் வெளியே வந்தாலும் அவள் வாங்கப்பட்டவள்தான். அதனால் அவளை ஓடவிட்ட நினகவாவின் பக்கம் நான் நிற்கிறேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் முதலில் பேசுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.