செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க

வணக்கம் மக்களே, சுகமா இருக்கீங்களா? இன்னைக்கு கன்னியாகுமரி கடக்கரையில நின்னுட்டுப் பேசுகேன், காத்து இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கிடுங்க.

இப்ப 'மக்களே'ன்னு கூப்பிட்டேன்லா, அதுல இருந்தே ஆரம்பிக்கேன். நம்ம ஊர்ல பெத்த பிள்ளையையும் மக்களேன்னு தான் கூப்பிடுவாங்க, பஸ்ல பக்கத்து சீட்ல இருக்க யாரோ ஒரு பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. கேட்டதும் மனசு இளகிரும். ஒருத்தரை நம்ம பேச்சுக்கு இழுக்கணும்னா முதல்ல சொந்தம் கொண்டாடணும், மத்ததெல்லாம் அதுக்குப் பொறவு தான்.

பின்னால பாறை தெரியுதுல்லா. விவேகானந்தர் 1892 டிசம்பர்ல இங்க வந்தாரு, அடுத்த வருஷம் செப்டம்பர் 11 சிகாகோவுல பேசுனாரு. "அமெரிக்க சகோதரிகளே, சகோதரர்களே"ன்னு சொன்னதும் கூட்டம் கைதட்டுன கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதுக்கு அடுத்து அவரு சொன்னது தான் பெருசு. எங்க நாடு எல்லாரையும் ஏத்துக்கும்னு சும்மா சொல்லிட்டுப் போகல, ரோமாக்காரன் அவங்க கோயிலை இடிச்சப்போ ஓடி வந்த யூதர்களுக்கு தென்னிந்தியாவுல இடம் குடுத்தோம், ஜொராஸ்டிரியர்களுக்கும், அதான் பார்சிக்காரங்களுக்கும், குடுத்தோம்னு கையோட சாட்சி வச்சாரு.

எங்க தெருவுக்கு மீன் கொண்டு வாற அக்காவும் இதைத்தான் செய்யும். "மக்களே, இன்னைக்குக் காலத்தப் பிடிச்ச அயிலை மீனாக்கும்"னு சொல்லி முடிக்கதுக்குள்ள பெருவிரலை விட்டு செவுளைத் தூக்கிக் காட்டும், உள்ள செக்கச்செவேல்னு இருக்கும். பேசுற ஆளு மேல நம்பிக்கை, கேக்குறவங்க மனசு, விசயத்துல உள்ள நியாயம், இந்த மூணும் வேணும்னு அரிஸ்டாட்டில் 2,300 வருசத்துக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாரு. அந்த அக்காகிட்ட மூணும் இருக்கு.

இப்ப எங்க வீட்ல நடந்ததைச் சொல்லுகேன். மனை விக்க ஒருத்தரு வந்தாரு. அம்மா அம்மான்னு வாய் நிறையக் கூப்பிட்டாரு, சாயா குடிச்சாரு, பொறவு கேள்வியா கேட்டாரு. பிள்ளைக்கு சொந்த வீடு வேணும்லாம்மா? வேணும். வாடகை வருசா வருசம் ஏறுதுல்லா? ஏறுது. பைசாவை சும்மா வச்சா கரையும்லா? ஆமா. இப்படி மூணு தடவை ஆமா போட்டாச்சுன்னா நாலாவது கேள்விக்கு மாட்டேன்னு சொல்ல நாக்கு எழும்பாது, நான் பக்கத்துலயே தான் இருந்தேன், எனக்கும் எழும்பல. உங்க தெருவுல நாலு பேரு எழுதியாச்சு, இன்னும் ரெண்டு மனை தான் பாக்கின்னாரு. அம்மா அன்னைக்கே 10,000 ரூபா அட்வான்ஸ் குடுத்தா.

ராத்திரி அந்த நோட்டீஸை எடுத்து நிதானமாப் படிச்சேன். "கடைசி 2 மனைகள் மட்டுமே"ன்னு அச்சடிச்சிருக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க, அச்சடிச்சிருக்கு! ரெண்டு மனை தான் மிச்சம்னா அதுக்குப் போய் யாரு கட்டுக்கட்டா நோட்டீஸ் அடிப்பா? கீழ சின்ன எழுத்துல "டி.டி.சி.பி. அனுமதி பெறப்படும்". டி.டி.சி.பி.ன்னா மனைப் பிரிவுக்கு அனுமதி குடுக்க அரசாங்கத்தோட நகர் ஊரமைப்புத் துறை. இந்த 'பெறப்படும்' இருக்கே, இதைத்தான் நீங்க எல்லாரும் கவனிக்கணும்னு கெஞ்சிக் கேக்கேன். யாரு பெறுவா? எப்ப? ஒண்ணும் கிடையாது. ஆளையும் தேதியையும் ஒளிச்சு வைக்கதுக்குத் தோதான சொல்லு அது. பெற்றாச்சுன்னா நம்பரைப் போட்டிருப்பாங்கல்லா.

அந்தா வள்ளுவர் சிலை, 133 அடி. சொல்வன்மை அதிகாரத்துல "கேட்டார்ப் பிணிக்கும்"னு சொல்லுவாரு. பிணிக்கதுன்னா கட்டிப்போடுகது. நல்ல பேச்சும் கட்டும், அந்த ஆளு பேச்சும் கட்டுச்சு, கயிறு ஒண்ணு தான். அதனால இனிமே சொந்தம் கொண்டாடாதீங்கன்னு நான் யாரையும் சொல்ல மாட்டேன், அது இல்லாம நம்ம ஊரே இல்ல. அம்மான்னு கூப்பிடட்டும், சாயாவும் குடுங்க. குடிச்சு முடிச்சதும் செவுளைக் காட்டுன்னு கேளுங்க.

அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரல. போன மாசம் வேற ஒருத்தரு சீட்டு சேக்க வந்தாரு, அதே 'அம்மா அம்மா'ங்க கூப்பாடு, அதே சிரிப்பு. எங்க அம்மா சாயா கிளாஸை நீட்டிட்டே, "மக்களே, நீ இப்ப சொன்னதை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, அடியில உன் பேரையும் எழுதிக் குடு, நான் தம்பிகிட்ட காட்டிட்டு சொல்லுகேன்"னா. நாளைக்கு வாறேன்னு போனாரு.