பழைய லேப்டொப்புக்கு டிஃப்ராக் செய்தால் உண்மையிலை ஸ்பீட் கூடுமோ? பரந்தன்ல இருந்து ஒரு சோதனை

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு வயலும் இல்லை, குளமும் இல்லை. போன கிழமை இரணைமடு வீடியோ பாத்திட்டு இண்டைக்கும் தண்ணி காட்டுவன் எண்டு வந்த ஆக்கள் கோவிக்காதேங்கோ. இண்டைக்கு இந்தா, இந்த லேப்டொப்தான் கதை. எங்கட வீட்டு விறாந்தையிலை இருந்து எடுக்கிறன். உள்ளுக்கை இருக்கேலாது, அப்பிடி ஒரு புழுக்கம். பின்னாலை கோழி கத்தும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இது அக்கான்ர மகளின்ர லேப்டொப். ஏஎல் படிக்கிறாள். "மாமா, இதை ஓன் பண்ணிப்போட்டு நான் முகம் கழுவி, சாமி கும்பிட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கொண்டுதான் நிக்குது" எண்டாள். பிள்ளை கூட்டிச் சொல்லுறாள் எண்டு நினைச்சன். போன்ல ஸ்டொப்வொட்ச் வைச்சுப் பாத்தன். பவர் பட்டனை அமத்தினதிலை இருந்து குரோம் திறந்து ஒரு பக்கம் வாறமட்டும் 4 நிமிசம் 10 செக்கன். பிள்ளை பொய் சொல்லேல்லை.

ஆரோ அவளுக்குச் சொல்லிப்போட்டினம், டிஃப்ராக் எண்டு டிஸ்க்கை ஒழுங்குபடுத்துற வேலை ஒண்டு இருக்கு, அதைச் செய்தால் புதுசு மாதிரிப் பறக்கும் எண்டு. அதுக்கெண்டு ஏதோ ஒரு சொஃப்ட்வெயாரும் டவுன்லோட் பண்ணி வைச்சிருக்கிறாள். அந்தக் கூத்துக்குப் பிறகு வாறன்.

முதல் இதைக் கேளுங்கோ. மைக்கைக் கிட்டக் கொண்டு போறன். டைப் பண்ணேக்கை கை வைக்கிற இடம் இருக்கெல்லே, அதின்ர இடப்பக்கம். கேக்குதோ? டிக், கிர்ர், டிக் டிக், கிர்ர். உள்ளங்கையை வைச்சால் மெல்லிய நடுக்கம் ஒண்டு தெரியுது, நெஞ்சிலை கை வைச்ச மாதிரி. இவ்வளவுக்கும் நான் ஒண்டையும் திறக்கேல்லை, சும்மா கிடக்கு.

உதுதான் ஹார்ட் டிஸ்க், ஃபைல் எல்லாம் சேமிக்கிற பெட்டி. உதுக்குள்ளை கண்ணாடி மாதிரி மினுங்கிற வட்டத்தட்டு ஒண்டு சுத்துது. இது நிமிசத்துக்கு 5400 தரம் சுத்திற ரகம். மேசைக் கொம்பியூட்டர்களிலை கனக்க 7200. தட்டுக்கு மேலை சின்னக் கை ஒண்டு, அதின்ர நுனியிலை வாசிக்கிற ஹெட். நீங்கள் கேட்ட அந்த டிக், கை ஒரு இடத்திலை இருந்து இன்னொரு இடத்துக்குப் பாயிற சத்தம்.

ஏன் பாயுது? விளங்கப்படுத்த எனக்கு வயல்தான் வருது. சரி, வயல் வந்திட்டுது பாருங்கோ. ஒருத்தருக்கு அஞ்சு ஏக்கர் வயல் இருக்கெண்டு வைப்பம். அஞ்சும் ஒரே காணியா வாய்க்கால் ஓரத்திலை கிடந்தால், லாண்ட்மாஸ்டரை இறக்கி ஒரே மூச்சிலை உழுதுபோட்டு ஏறலாம். அதே அஞ்சு ஏக்கர், சீதனமா வந்தது அரை ஏக்கர் உருத்திரபுரத்திலை, அப்பர் விட்டது ஒண்டு முரசுமோட்டையிலை, வாங்கினது ஒண்டரை கண்டாவளையிலை, மிச்சம் ரெண்டு ஏ9 றோட்டுக்கு அங்காலை எண்டு சிதறிக் கிடந்தால்? உழுகிற நேரம் அதேதான். லாண்ட்மாஸ்டர் றோட்டிலை ஓடுற நேரம்தான் ஆளைக் கொல்லும்.

ஹார்ட் டிஸ்க்கிலையும் அதுதான் நடக்குது. விண்டோஸ் ஒரு ஃபைலை 4 கேபி, 4 கேபியாத்தான் இடம் பிடிச்சு வைக்கும். நீங்கள் பழசை அழிக்க அங்கங்கை பள்ளம் விழும். புதுசா ஒண்டு வரேக்கை, ஒட்டா இடம் இல்லாட்டி, கிடைச்ச பள்ளங்களுக்குள்ளை வெட்டி வெட்டி வைக்கும். டிஸ்க் நிறைய நிறைய இது மோசமாகும்.

கணக்கும் சொல்லுறன். 5400 எண்டால் செக்கனுக்கு 90 சுத்து. ஒரு சுத்துக்கு 11 மில்லிசெக்கன். கை பாஞ்சு போய்ச் சேர ஒரு 12, போனாப் பிறகு எங்களுக்கு வேண்டிய துண்டு சுத்தி வாறமட்டும் சராசரி அரைச் சுத்து, அது அஞ்சரை. எல்லாமாப் பதினேழு, பதினெட்டு. ஒண்டுக்கு இது ஒண்டுமில்லை. ஆயிரம் துண்டெண்டால் 17 செக்கனுக்கு மேலை பாயிறதிலையே போட்டுது, ஒரு எழுத்து வாசிக்காமல்.

டிஃப்ராக் எண்டது இந்தக் காணிகளை மாத்தி மாத்தி, ஒரு ஃபைலின்ர துண்டுகளை ஒரே இடத்திலை ஒட்டிவிடுறது. அவ்வளவும்தான். அது குப்பையும் அள்ளாது, வைரசும் பிடிக்காது.

இப்ப முக்கியமான இடம். உங்கடை மெசினுக்குள்ளை இருக்கிறது எஸ்எஸ்டி, அதுதான் சிப்பிலை சேமிக்கிற சொலிட் ஸ்டேட் ட்ரைவ், எண்டால் இந்த வேலையே வேண்டாம். அதிலை தட்டும் இல்லை, கையும் இல்லை. லாண்ட்மாஸ்டர் ஓட்டுறதுக்குப் பதிலா அஞ்சு வயல்காரருக்கும் போன் எடுக்கிற மாதிரி. கண்டாவளைக்கு எடுத்தாலும் கனடாவுக்கு எடுத்தாலும் ரிங் போக ஒரே நேரம்தான். துண்டு துண்டாக் கிடந்தாலும் அதுக்குப் பெரிசா நட்டமில்லை. மாறி, சும்மா எழுதி எழுதி அதின்ர ஆயுளைத்தான் தின்னுறது. எஸ்எஸ்டியிலை எழுதுறதுக்கு ஒரு அளவு இருக்கு.

என்ன இருக்கெண்டு எப்பிடிப் பாக்கிறது? ஸ்டார்ட்டை அமத்தி டிஃப்ராக் எண்டு அடியுங்கோ, "டிஃப்ராக்மென்ட் அன்ட் ஒப்டிமைஸ் ட்ரைவ்ஸ்" எண்டு வரும். திறந்தால் ஒவ்வொரு ட்ரைவுக்கும் பக்கத்திலை மீடியா டைப் எண்டொரு கொலம். "ஹார்ட் டிஸ்க் ட்ரைவ்" எண்டு கிடந்தால் மட்டும் இண்டைய வீடியோ உங்களுக்கு. "சொலிட் ஸ்டேட் ட்ரைவ்" எண்டு கிடந்தால், அந்த ஒப்டிமைஸ் பட்டன் டிஃப்ராக் செய்யாது, ட்ரிம் எண்டு வேறையொரு வேலை செய்யும். எந்தெந்த இடம் இனித் தேவையில்லை எண்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுறது. ஒரு நிமிசத்துக்குள்ளை முடிஞ்சிடும், பயமில்லை.

பிள்ளையின்ரயிலை ஹார்ட் டிஸ்க் எண்டுதான் கிடக்கு. சத்தத்திலையே தெரியும்.

கை வைக்க முதல் ஒரு பழைய கதை. மூண்டு நாலு வருசத்துக்கு முந்தி எங்கட சொந்தக்கார ஆக்கள் ஒரு கொம்பியூட்டர் கொண்டு வந்தவை, ஸ்லோவாம். டிஸ்க் கடக், கடக் எண்டு அடிச்சுக்கொண்டிருந்தது. நான் பெரிய விண்ணன் மாதிரி, "இது துண்டுபட்டுக் கிடக்கு, இரவிரவா டிஃப்ராக் போட்டால் சரி" எண்டு போட்டிட்டுப் படுத்திட்டன். விடிய எழும்பிப் பாத்தால் ட்ரைவே காட்டேல்லை. சாகக் கிடந்த மனிசனை எழுப்பி நெல் மூட்டை தூக்க விட்ட மாதிரி ஒரு வேலை செய்திருக்கிறன். அதுக்குள்ளைதான் அவையின்ர மகளின்ர சாமத்திய வீட்டுப் படம் முழுக்கக் கிடந்தது. அல்பத்திலை ஒட்டினது மட்டும்தான் மிச்சம். இப்பவும் அந்த வீட்டுக்குப் போனால் தேத்தண்ணியோடை அந்த அல்பத்தையும் கொண்டு வந்து மடியிலை வைப்பினம். ஒண்டும் பேசமாட்டினம். அதுதான் கஷ்டம்.

அதாலை இப்ப நான் முதல் செய்யிறது, தேவையானதெல்லாத்தையும் வெளி டிஸ்க் ஒண்டிலை கொப்பி பண்ணுறது. ரெண்டாவது, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட இலவசச் சொஃப்ட்வெயார். திறந்தவுடனை நீலத்திலை "குட்" எண்டு வந்தால் நல்லது. மஞ்சளிலை "கோஷன்" எண்டு வந்தால் டிஃப்ராக்கை மறந்திடுங்கோ. கீழை ஒரு பட்டியல் இருக்கு. அதிலை 05 எண்ட வரியும் சி5 எண்ட வரியும் பாருங்கோ. 05, பழுதாப்போய் மாத்தி வைச்ச இடங்கள். சி5, வாசிக்க ஏலாமல் சந்தேகத்திலை கிடக்கிற இடங்கள். கடைசிக் கொலத்திலை ரெண்டுக்கும் முழுக்கச் சைபர் வரவேணும். இதிலை ரெண்டும் சைபர். நல்ல காலம்.

பிறகு இடம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலை இருந்து சொல்லுற கணக்கு, குறைஞ்சது 15 வீதம் காலியா இருக்கவேணும். சாமான் நிறைஞ்ச அறையிலை அலுமாரியைத் திருப்ப ஏலுமே? இவளின்ர 500 ஜிபியிலை 41 ஜிபிதான் மிச்சம். ரீசைக்கிள் பின்னுக்குள்ளை மட்டும் 23 ஜிபி! கொரியன் நாடகம். பாஸ் பேப்பர் ஃபோல்டர் ஒண்டே மூண்டு கொப்பி. கேட்டுக் கேட்டு அழிச்சு, டிஸ்க் கிளீனப்பும் ஓடவிட்டு, இப்ப 96 ஜிபி காலி.

சரி, அனலைஸ் அமத்துறன். 27 வீதம் துண்டுபட்டுக் கிடக்காம். விண்டோஸ் கிழமைக்கு ஒருக்கா இதைத் தானே செய்யிறது, அப்ப இது ஏன் இப்பிடி? ஏனெண்டால் அது சார்ஜர் குத்தி, ஒருத்தரும் தொடாமல் மெசின் சும்மா கிடக்கிற நேரத்தைத்தான் தேடுது. எங்கட பிள்ளையள் வேலை முடிஞ்ச கையோடை மூடி பாக்குக்குள்ளை வைச்சிடுவினம். அது எப்ப செய்யிறது?

ஒப்டிமைஸ். இப்ப நேரம் பின்னேரம் 4:20. பாஸ் 1 எண்டு போகுது. இந்தா, பாண் ஓட்டோவும் வந்திட்டுது, அந்தப் பாட்டுக் கேக்குதோ? நான் போய் ரெண்டு மாலுபாண் வாங்கியாறன்.

சரி. இடையிலை, அந்த டவுன்லோட் பண்ணின சொஃப்ட்வெயார். நான் என்ர வேறை பழைய மெசின் ஒண்டிலை போட்டுப் பாத்தன். அந்த மெசின்ல இருக்கிறது எஸ்எஸ்டி. அதுக்கும் "அவசரம், டிஃப்ராக் செய்" எண்டு சிவப்பிலை கத்துது. ஆயிரக்கணக்கிலை பிழையாம், திருத்தக் காசு கட்டட்டாம். பேர் சொல்லேல்லை. அழிச்சுப்போட்டன். 1993ல வந்த மைக்ரோசொஃப்ட்டின்ர பழைய எம்எஸ் டொஸ் 6ல இருந்தே டிஃப்ராக் மெசினோடை சும்மா வந்த சாமான். உதுக்கு ஆரும் காசு குடுக்கத் தேவையில்லை.

முந்தி இதைப் பாத்துக்கொண்டிருக்கிறதே ஒரு சுகம். மீள்குடியேறின புதுசிலை, கிளிநொச்சி டவுன்ல ஒரு கொம்பியூட்டர் கிளாஸுக்குப் போவன். எக்ஸ்பியிலை சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளைக் கோடுகளா வரும். சிவப்பு துண்டுபட்டது, நீலம் ஒட்டாக் கிடக்கிறது, பச்சை அசைக்க ஏலாதது, வெள்ளை காலி. சிவப்புக் குறைஞ்சு நீலமாகிறதை ஒரு கிளாஸே வாயைப் பிளந்து பாத்துக்கொண்டிருக்கும். இப்ப வெறும் வீதக் கணக்குத்தான்.

ஆ, கரண்ட் போட்டுது. பாத்தீங்களோ? 5:50. லேப்டொப் பற்றரியிலை ஓடுது, 40 நிமிசம் தாங்கும். மேசைக் கொம்பியூட்டர் யூபிஎஸ் இல்லாமல் வைச்சிருக்கிற ஆக்கள் கவனியுங்கோ. விண்டோஸ் ஒரு துண்டைப் புது இடத்திலை எழுதி முடிச்சாப் பிறகுதான் கணக்குப் புத்தகத்திலை இடத்தை மாத்தும், அதாலை நடுவிலை நிண்டாலும் உடனை ஃபைல் போகாது. எண்டாலும் ஓடுற டிஸ்க்கை டக்கெண்டு நிப்பாட்டுறது அதுக்கு நல்லதில்லை. வன்னியிலை இதை மழை இருட்டிக்கொண்டு வாற பின்னேரத்திலை தொடங்காதேங்கோ.

சரி, இப்ப இரவு எட்டே முக்கால். கரண்ட் 20 நிமிசத்திலை வந்திட்டுது. எட்டரைபோலை எல்லாம் முடிஞ்சுது. சைபர் வீதம் எண்டு காட்டுது. முழுக்கச் சைபர் எண்டு நம்பவேண்டாம். 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் ஒட்டப் பாக்காது. அது பிழையில்லை. பத்து ஏக்கர் இங்கை, பத்து ஏக்கர் அங்கை எண்டால் இடையிலை ஒருக்கா றோட்டிலை ஓடுறது கணக்கிலையே வராதெல்லே.

ஸ்டொப்வொட்ச். ரெண்டு தரம் றீஸ்டார்ட் பண்ணிப்போட்டுத்தான் அளக்கிறன்... 3 நிமிசம் 22 செக்கன். 48 செக்கன் குறைஞ்சிருக்கு. சோதனை கலங்கக்கூடாது எண்டு இதுவரைக்கும் குப்பை அழிச்சதைத் தவிர வேறை ஒண்டும் தொடேல்லை. இப்ப டாஸ்க் மனேஜருக்குள்ளை, மெசின் ஓன் ஆகேக்கை தானாத் திறபடுற சாமான்களின்ர ஸ்டார்ட்டப் பட்டியலிலை தேவையில்லாத ஆறு சாமானை நிப்பாட்டுறன். திருப்பி... 2:31. ரெண்டு நிமிச வேலை, அது 51 செக்கன். நாலு மணித்தியாலம் மினக்கெட்ட டிஃப்ராக்கை விட மூண்டு செக்கன் கூட! எனக்கே கொஞ்சம் வெக்கமாக் கிடக்கு.

இதுக்கு மேலை எஸ்எஸ்டி ஒண்டு மாத்தினால்தான். அக்காட்டைக் கேக்கவேணும், அறுவடை முடியட்டும் எண்டுதான் சொல்லுவா. அதுமட்டும் பிள்ளைக்கு நான் சொல்லுற ஒரே வேலை, ஞாயிற்றுக்கிழமை ரியூசன் போகேக்கை சார்ஜரைக் குத்தி, லேப்டொப்பைத் திறந்தபடி மேசையிலை விட்டிட்டுப் போ. கட்டிலிலை வைக்காதை, அடியிலை காத்துப் போகவேணும். ஸ்லீப்புக்குப் போகாத மாதிரி செட்டிங்கை நான் மாத்திவிட்டிருக்கிறன்.

அம்மா கூப்பிடுறா, புட்டு ஆறுதாம். உங்கட மெசின் எத்தினை நிமிசம் எண்டு கீழை போடுங்கோ. வாறன்.