சுள்ளி ஒடிக்காத காடு

நேயர்களுக்கு வணக்கம். காடு என்றதும் முதுமலையும் களக்காடும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அவ்வளவு பெரிய காட்டைப் பற்றி அல்ல. ஊருக்கு வெளியே ஐயனாரோ காளியோ இருக்கும் இடத்தைச் சுற்றி ரெண்டு மூன்று ஏக்கரில் அடர்ந்து கிடக்குமே, அந்தக் கோயில்காடு. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும், அல்லது இருந்திருக்கும்.

எனக்குப் பதினோரு வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். சமைப்பார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், வாய் மட்டும் திறக்காது. அத்தை ஒருநாள், "வா அண்ணி, காட்டுல செத்த நேரம் உக்காந்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். பூசைக்கு இல்லை, சும்மாதான். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அதுவே வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு கிழட்டு வீரை மரம். அடிமரம் முழுக்கப் பள்ளமும் மேடுமாக முறுக்கேறி இருக்கும். அம்மா அந்தப் பள்ளத்தில் தோளைச் சாய்த்து உட்காருவார். பக்கத்தில் அத்தை. ரெண்டு பேரும் பேச மாட்டார்கள்.

நானும் கூடப் போவேன். ஒருநாள் ஓணான் அடிக்க ஒரு சுள்ளியை ஒடித்தேன். "ஒடிக்காதடா! சாமி கண்ணைக் குத்திரும்!" அம்மாவின் குரல். மூன்று மாதத்தில் நாங்கள் கேட்ட முதல் பேச்சு. அத்தை அழுதுவிட்டார். திட்டு வாங்கிய நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சுள்ளி விஷயத்தைக் கவனியுங்கள். கோயில்காட்டில் காய்ந்த குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எதையும் எடுக்க முடியாத இடத்துக்குப் போனால் சும்மா இருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. துக்கத்தில் இருப்பவருக்கு அதுதானே வேண்டும்?

சரி, இது வெறும் நம்பிக்கையா என்று கேட்பீர்கள். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. ஜப்பானில் 1982 முதலே காட்டுக் குளியல் என்று, அதாவது காட்டுக்குள் சும்மா நேரம் கழிக்க, அரசே மக்களை அழைக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. மருத்துவரையும் பாருங்கள், மரத்தடியிலும் உட்காருங்கள்.

இனி என் புலம்பல். வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள், நீங்களும் ஒருமுறை கேளுங்கள். எங்கள் ஊர்க் காட்டில் கும்பாபிஷேகத்துக்காகப் புதரையெல்லாம் வெட்டித் தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். தகரக் கொட்டகை, நாலு ஃபோகஸ் லைட், ஒலிபெருக்கி. எல்லாம் பக்தியில் செய்ததுதான். ஆனால் முன்பெல்லாம் வெளியே மழை விட்ட பிறகும் காட்டுக்குள் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும், சருகு நனைந்த வாசம் வரும். இப்போது தகரத்தில் தடதடவென்று அடிக்கிறது, அவ்வளவுதான். விழுகிற விதை முளைக்க மண்ணே இல்லை. வீரை மரம் நிற்கிறது, சுற்றிலும் சிமெண்டுத் திண்ணையோடு. அந்தப் பள்ளத்தில் இப்போது யாரும் சாய முடியாது.

நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் காட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கோடையிலும் இலை உதிர்க்காத காடு அது, புதுச்சேரிப் பக்கம் போனால் இறங்கிப் பாருங்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் சுமார் 5 ஹெக்டேர் கோயில்காட்டை 2025இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது, மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இரண்டாவது.

ஒன்று மட்டும். உங்கள் ஊர்க் காட்டுக்கு டைல்ஸ் போட நன்கொடை கேட்டு வந்தால், இல்லை என்று சொல்லாதீர்கள். காட்டுக்கு வெளியே, செருப்பு விட ஒரு இடம் கட்டச் சொல்லிக் கொடுங்கள். வணக்கம்.