ஃபிரிட்ஜில் வைத்து நட்டால் வெங்காயம் திரளுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த ஒரு கேள்வி மூன்று நாளாக என் மனதிலேயே நிற்கிறது. பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய மகன் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாராம். வீட்டுக்குப் பின்னால் செப்டம்பர் கடைசியில் வெங்காயம் நட்டுவிட்டு, பனிக்காலம் முழுக்க அப்படியே விட்டு, அடுத்த ஜூன் மாதம் கூடை கூடையாகப் பிடுங்குகிறாராம். "நமக்குப் பனி இல்லையே தம்பி, விதை வெங்காயத்தை ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து நட்டால் அதே மாதிரி திரளுமா?" இதுதான் கேள்வி.

அக்கா, ஃபிரிட்ஜ் வேண்டாம். குளிர் வெங்காயத்தைத் திரட்டாது, பூக்க வைக்கும். விதை வெங்காயத்துக்கோ ஓரளவு தடித்த செடிக்கோ சில வாரம் குளிர் பட்டால் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பிவிடும். தண்டு விட்ட வெங்காயம் நடுவில் கட்டையாகி, சீக்கிரம் அழுகும். உங்கள் மகனுக்கும் அந்தப் பயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அவருக்கு எப்படித் திரள்கிறது? வெங்காயத் தாள், அதாவது அதன் இலை பற்றிய என் வீடியோவில் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன். வெங்காயம் பகலின் நீளத்தைப் பார்க்கிற பயிர். ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வளையம் வளையமாக இருக்கிறதே, அவை பெரும்பாலும் ஒவ்வொரு தாளின் அடிப்பாகம். லீட்ஸில் டிசம்பர் பகல் ஏழரை மணி நேரம்தான். அப்போது செடி மெதுவாகத் தாள் மட்டும் விடும். ஜூனில் பகல் 17 மணி நேரத்தைத் தொடும். பகல் நீள நீள, அதுவரை விட்ட தாள்களின் அடியெல்லாம் பருத்து வெங்காயம் ஆகிறது.

பினாங்கில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் குளிர் கிடைக்கும், பகல் இதேதான். நான் ஒருமுறை இங்கிலாந்து ரகத்தின் விதையை வாங்கிப் போட்டேன். எட்டு மாதம் தாள் செழித்து வளர்ந்தது, அடியில் ஒன்றுமில்லை. அம்மா அதை அரிந்து முட்டையில் போட்டுப் பொரித்தார், நன்றாகவே இருந்தது.

சரி, நாம் எதை நடுவது? சின்ன வெங்காயம். அதற்கு நம் பகலே போதும். முளை எட்டிப் பார்க்கிற, கெட்டியான வெங்காயமாகப் பொறுக்கி, நுனி வெளியே தெரிகிற அளவுக்கு, ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைவான மாதங்கள், அதுதான் வசதி. நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மண் காய்ந்த பிறகு மறுபடி ஊற்றுவதாக, இருக்கட்டும். இரண்டு, இரண்டரை மாதத்தில் ஒன்று நட்ட இடத்தில் ஐந்தாறு கிடைக்கும்.

ஆனால் அக்கா, இங்கே வெங்காயம் வீணாவது பெரும்பாலும் பிடுங்கிய பிறகுதான். அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாதிக்கு மேல் செடிகளில் தாள் தானாகச் சாய்ந்தால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, மழை இல்லாத நாளாகப் பார்த்துப் பிடுங்குங்கள். கழுவக் கூடாது, தாளையும் உடனே அறுக்கக் கூடாது. போன வருடம் என்னுடையதை ஓர் இரவு வெளியில் விட்டுவிட்டேன். மழை பெய்தது. நாலாம் நாள் தோலுக்கடியில் கரித்தூள் மாதிரி பூஞ்சணம். நம் காற்றில் ஈரம் அதிகம், அதனால் கொத்தாகக் கட்டி, நிழலில் காற்றோட்டமான இடத்தில், தேவையானால் காற்றாடிக்குக் கீழே, இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். பிறகு வெங்காயமும் தாளும் சேர்கிற கழுத்தை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். உள்ளே வழுக்கினால் இன்னும் நாலு நாள் தொங்கட்டும். சருகு மாதிரி சரசரத்தால் தாளை அறுத்து எடுத்து வைக்கலாம்.